சித்திரக்காரருக்குச் சொந்த மண்

2025-ம் வருஷம் ஜூலை மாதத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மராட்டியரின் ராணுவக் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அங்கீகரித்தது. அவற்றுள் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நமது செஞ்சி. ராஜகிரியும், கிருஷ்ணகிரியும், கல்யாண மஹாலும் உலகத்தார் வாயில் அடிபடுவது நமக்குப் பெருமையே. ஆயினும் இப்பெருமையினிடையே ஒரு விஷயத்தை நம்மவர் மறந்துவிடலாகாது.

கோட்டையைப் பிடித்தவர், இழந்தவர் பெயரெல்லாம் நமக்குப் பாடம். 1677-ல் சிவாஜி, 1698-ல் மொகலாயர், 1714-ல் தேசிங்கின் மரணம், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர் என்று பள்ளிப் பிள்ளையும் ஒப்பிக்கும். ஆனால் இங்கிருந்து அதிக தூரமில்லாத பனமலையிலே, தாளகிரீசுவரர் ஆலயச் சுவரில், குடையின் கீழ் ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் அந்தத் தேவியைத் தீட்டியவன் யார்? ஆலயம் எடுப்பித்தவன் ராஜசிம்ம பல்லவன் என்பதை அறிவோம். தூரிகை பிடித்தவன் பெயரை அறியோம். மண்டகப்பட்டில் குகைக் கோயில் குடைவித்த மகேந்திரவர்மன் தனக்குச் சித்திரகாரப்புலி என்று பட்டம் சூட்டிக்கொண்டான். பட்டம் வேந்தனைச் சேர்ந்தது. உளி பிடித்தவனுக்கோ பெயர் கூட மிஞ்சவில்லை. அரசன் இருந்தவரையில் அவனுக்குச் சோறாவது இருந்தது. அரசரும் ஜமீன்தாரும் போன பின்னர் சித்திரக்காரன் எவரை அண்டிப் பிழைப்பது? இவ்வினாவை வாயால் கேட்பதோடு நில்லாமல், செயலால் விடை தேடியவர் கே.ஸி.எஸ். பணிக்கர். அவருடைய சரித்திரத்தை நம் வாலிபர்கள் அறிவது நலம்.

ஸ்ரீ பணிக்கர் 1911-ம் வருஷம் மே மாதம் 31-ந் தேதி கோயம்புத்தூரில் ஒரு மலையாளக் குடும்பத்தில் பிறந்தார். பொன்னானியில் கல்வி கற்றார். கேரளத்தின் கால்வாய்களும் தென்னஞ்சோலைகளுமே அவருக்கு முதல் ஆசிரியர்கள். 17 வயதிலேயே அவருடைய படங்கள் சென்னைக் கண்காட்சியில் இடம் பெற்றன. எனினும் குடும்ப பாரம் அவரை உத்தியோகத்துக்குத் தள்ளிற்று. சில வருஷம் தந்தி இலாகாவிலும், பின்பு இன்ஷூரன்ஸிலும் உழைத்தார். 25 வயதில், சம்பளத்தை உதறிவிட்டு மறுபடி மாணாக்கனாயினார். நடுத்தரக் குடும்பத்து மனிதர் ஒருவருக்கு இது எத்தகைய துணிவு என்பதை மாதச் சம்பளக்காரர்கள் நன்கறிவார்கள்.

1936-ல் அவர் சேர்ந்த சென்னைச் சித்திரக் கலாசாலை, டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்னும் வைத்தியர் 1850-ல் தொடங்கியது. கலாசாலையின் முதல் இந்தியத் தலைவரான வங்காளத்துச் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌதுரி அப்பொழுது அதன் பொறுப்பை ஏற்றிருந்தார். சென்னைக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவருடைய கைவண்ணம். அவரிடம் பயின்ற பணிக்கர் அங்கேயே ஆசிரியரானார். 1957-ல் குருவின் ஸ்தானத்தில் தாமே பிரின்ஸிபாலாகவும் அமர்ந்தார்.

இதற்கிடையில், 1944-ல், அவர் முற்போக்கு ஓவியர் சங்கத்தைச் சென்னையில் நிறுவினார். பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஓவியர் பேசியது தேசத்தின் காதில் விழுந்தது. தெற்கே ஒருவன் படம் எழுதுகிறான் என்பதையே வடக்கத்தியப் பத்திரிகைகள் கண்டுகொள்ளவில்லை. சங்கம் கண்காட்சிகளை நடத்திற்று. பின்னாளில் ஆர்ட்ரெண்ட்ஸ் என்ற ஆங்கிலப் பத்திரிகையையும் வெளியிட்டது. பிறர் நம்மைப் பற்றி எழுதவில்லை என்று குறை கூறிக்கொண்டிராமல் தாமே எழுதி அச்சிட்ட இச்செயல் நமக்கு மிகவும் பிடித்தது. பத்திரிகை நடத்துவோருக்கு அதன் கஷ்டம் தெரியும்.

1954-ல் ஐரோப்பா சென்று லண்டனில் தம் படங்களைக் காட்டினார். அவற்றில் இந்தியத் தன்மை எங்கே என்ற விமரிசனம் அங்கே எழுந்தது. அவ்விமரிசனம் அவரை உள்ளுற வாட்டியிருக்க வேண்டும். மேனாட்டு வழியில் தேர்ந்த கைதான். ஆனால் அந்தக் கை எந்த மண்ணின் கை? 1963 முதல் அவர் எழுதிய சொல்லும் குறியும் என்ற வரிசைப் படங்களில், ஜாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள், மலையாள எழுத்தை ஒத்த ஆனால் படிக்க முடியாத வரிகள் ஆகியவை பழைய சுவடியின் ஏடு போலப் பரந்து நிற்கின்றன. அவற்றின் பொருளென்னவென்று கேட்பவர் பலர். பாட்டியின் ஏட்டுச் சுவடியைப் பொருள் தெரியாமலே பூஜையறையில் வைத்துக் கும்பிடும் நாட்டினர், படத்திடம் மட்டும் பொருள் கேட்பது வேடிக்கையாகவே இருக்கிறது.

நிற்க. அவருடைய பெரிய காரியம் சித்திரத் துணியின் மேல் நிகழ்ந்ததன்று. கலாசாலையை விட்டு வருஷந்தோறும் வெளியேறும் மாணாக்கர்கள் என்ன ஆகிறார்கள் என்பதைப் பிரின்ஸிபால் நாற்காலியிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளி டிராயிங் வாத்தியார் வேலை கிடைத்தவன் பாக்கியசாலி. கிடைக்காதவன் விளம்பரப் பலகை எழுதினான், அல்லது எழுதுகோலையே தூர எறிந்தான். படத்தை விற்றுச் சாப்பிடுவதென்பது அந்நாளில் கனவு. எனவே வயிற்றுக்குக் கைத்தொழில், மனத்துக்குச் சித்திரம் என்று அவர் பிரித்தார். ஓவியர் கைத்தொழிற் சங்கம் ஒன்று அமைந்தது. மாணாக்கரும் ஆசிரியரும் துணியில் மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பாடிக் வேலை செய்து விற்றார்கள். அந்த வருமானத்தைக் கொண்டு, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், கடலோர மணலில், ஏறக்குறைய 10 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. சர்க்கார் மானியமன்று; தனவந்தர் தர்மமுமன்று. 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது.

அவ்விடம் அப்பொழுது செம்படவர் குப்பங்களுக்கு நடுவில் கிடந்த வெறும் மணல். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் மோட்டாரில் விரைவோருக்கு அந்த மணலை மனத்தில் காண்பதே அரிது. நாளில் சில மணி நேரம் கைத்தொழில், மீந்த பொழுதெல்லாம் சொந்தக் கலை என்று வாழ்க்கை நடந்தது. சுல்தான் அலி, எஸ்.ஜி. வாசுதேவ், எம். சேனாதிபதி, கே.எம். கோபால், பி.எஸ். நந்தன், ஹரிதாசன், அர்ணவாஸ் அம்மையார் முதலியோர் அங்கே வாழ்ந்தோ உழைத்தோ பெயர் பெற்றவர்கள். கே. ராமானுஜம் என்ற இளைஞரைத் தனியே குறிப்பிட வேண்டும். பேச்சுத் திக்கும், உலக வழக்கம் தெரியாது, மையால் கனவு நகரங்களைக் கட்டிய கை அது. வேறெந்த ஊரும் அவரைத் தாங்கியிராது. கிராமமும் அவரை நெடுநாள் தாங்க முடியவில்லை. 1973-ல் இளம் வயதிலேயே மறைந்தார்.

இதைச் சொல்லும்போது குறைகளை மறைப்பது நியாயமன்று. கைத்தொழிலில் இறங்கியவன் வியாபாரத்தின் ருசி கண்டு சித்திரத்தை மறந்துபோகும் அபாயம் எப்பொழுதும் உண்டு. பெண்பாலர் அங்கே சிலரே. ஒரே இடத்தில் ஒரே குருவின் மாணாக்கர் கூடுவதால், ஒருவர் படம் மற்றொருவர் படத்தைப் போலாகிவிடுமென்ற கண்டனமும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் வாடகை கேட்க ஆளில்லாத கூரையின் கீழ் ஒருவன் 10 வருஷம் தவறு செய்து கற்கலாம். வாடகைக் கூரையின் கீழ் அந்த அவகாசம் ஏது?

ஸ்ரீ பணிக்கர் 1967-ல் கலாசாலையிலிருந்து ஓய்வு பெற்றார். 1977 ஜனவரியில் சென்னையில் காலமானார். தம் படங்களில் பலவற்றை அவர் விற்காமல் வைத்திருந்தார். அவற்றைத் திருவனந்தபுரத்தில் அவர் பெயரால் விளங்கும் சித்திர சாலையில் காணலாம். அவருடைய குமாரர் சிற்பி நந்தகோபால் 2017-ல் மறையும் வரையில் கிராமத்தின் காரியங்களை முன்னின்று நடத்தினார். 2009-ல் அங்கே புதிய சித்திர சாலைகளும், சென்னை ஓவியர் இயக்கத்துக்கென ஒரு காட்சிசாலையும் திறக்கப்பட்டன. சொந்த மண் இருந்தபடியால் இவை சாத்தியமாயின.

இனி நம் ஊருக்கு வருவோம். கோட்டையைக் காண வரும் யாத்திரிகர், செஞ்சிச் சீமையின் இன்றைய கைவேலையைக் கண்டு செல்ல இடம் எங்கே? தொல்பொருள் இலாகா கற்களைக் காக்கும். உயிருள்ள கைகளைக் காப்பது அதன் வேலையன்று. சட்டப்படி இது பிரமாத காரியமுமன்று. 1975-ம் வருஷத்திய தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி 7 பேர் கூடினால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். அச்சங்கம் ஓர் அறையை வாடகைக்கு எடுக்கலாம். பின்னர் மனை வாங்கலாம். கோபுரங்களுக்கு வர்ணம் தீட்டுவோர், கடைப்பலகை எழுதுவோர், திரௌபதியம்மன் திருவிழாக் கூத்துக்குக் கிரீடமும் புஜக்கட்டையும் செதுக்குவோர், சென்னையிலும் புதுச்சேரியிலும் சித்திரம் கற்றுவிட்டு ஊர் திரும்பிய பிள்ளைகள் ஆகிய இவர்களை ஓரிடத்தில் உட்கார வைத்தால், எண்ணிக்கை 7-ஐத் தாண்டும்.