பாலாடைக்கட்டி வணிகர் காட்டிய பாதை

இயற்கை வளமற்ற ஒரு குட்டித் தீவு எப்படிப் பிழைக்கும்? 1960-இல் சிங்கப்பூர் இந்தக் கேள்வியோடுதான் நின்றது. பிறர் சரக்கை வாங்கி விற்கும் துறைமுக வணிகத்தால் பெருகிவந்த மக்களுக்கெல்லாம் வேலை தர இயலவில்லை.

அவ்வாண்டு ஐக்கிய நாடுகள் சபையின் ஆய்வுக் குழுவுக்குத் தலைமையேற்று வந்தார் டாக்டர் ஆல்பர்ட் வின்செமியஸ். 1910-இல் நெதர்லாந்தில் பிறந்தவர். இளமையில் பாலாடைக்கட்டி வணிகத்தில் ஈடுபட்டு, பின்னர் பொருளியல் கற்றவர். போரில் சிதைந்த தம் நாட்டின் தொழில்துறையை மீட்கும் பணியில் பங்காற்றியவர். கடல் வணிகத்தால் வாழும் சிறுநாட்டில் பிறந்தவருக்குச் சிங்கப்பூரின் கவலை புதிதல்ல.

தொழிற்சாலைகளை எழுப்புங்கள், ராஃபிள்ஸ் சிலையை அகற்றாதீர்கள் என்றார். சிலை நின்றால் வெளிநாட்டு முதலாளிகள் அஞ்சாமல் வருவார்கள் என்பது அவர் கணக்கு. 1961-இல் பொருளாதார வளர்ச்சிக் கழகம் பிறந்தது. 1965-இல் பிரிவு நேர்ந்தது. எதிர்பார்த்த மலேசியப் பொதுச் சந்தை கைநழுவியது. இனி உலகமே சந்தை என்றாயிற்று. பன்னாட்டு நிறுவனங்கள் வந்தன. 1972-இல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் திறக்கப்பட்டது.

மலிவான கூலியையே நம்பியிருக்கக் கூடாதென்று 1979-இல் ஊதிய உயர்வையும் வலியுறுத்தினார். 1985-இல் பொருளாதாரம் சரிந்தபோது அந்த உயர்வும் ஒரு காரணமெனப் பேசப்பட்டது. அவர் கணக்கும் தவறாததன்று.

1984 வரை ஆலோசகராக இருந்தார்; ஊதியம் பெறவில்லை. 1996-இல் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! நம்மிடம் என்ன இல்லை என்று புலம்புவதா, இருப்பதை வைத்து எழுவதா? அவர் வாழ்வு நம்மைக் கேட்பது இதைத்தான்.