குரலுக்குக் கிடைத்த பிரஜாவுரிமை

வெசாக் காலத்தில் ஹட்டன், நுவரெலியா நகர ஒலிபெருக்கிகளில் எழும் பக்திப் பாடல்களிடையே கம்பீரமான ஒரு குரல் தனித்து ஒலிக்கும். அக்குரலுக்குரியவர் பௌத்தருமல்லர், சிங்களவருமல்லர். தமிழகத்தின் சேலத்தில் பிறந்த ஒரு முஸ்லிம் என்பதை இளைய தலைமுறையினர் பலர் அறியார். அவரே அல்ஹாஜ் மொஹிதீன் பெய்க்.

1919 டிசம்பர் 5 இல் பிறந்த அன்னார், 1930களின் தொடக்கத்தில் இங்கு காலமான தமது சகோதரரின் இறுதி நிகழ்வுக்காக வந்து, இந்நாட்டிலேயே தங்கிவிட்டார். இசையமைப்பாளர் மொஹமட் கவுஸின் அரவணைப்பு அவருக்கு இசைத்தட்டு உலகின் கதவைத் திறந்தது. லக்ஷ்மி பாயுடன் இணைந்து பாடிய சிங்களப் பக்திப் பாடல்கள் நாடெங்கும் புகழ் பெற்றன. 1947 இல் வெளியான ‘அசோகமாலா’ திரைப்படம் அவரைப் பின்னணிப் பாடகராக நிலைநிறுத்தியது. தாய்மொழியல்லாத ஒரு மொழியில், தம் மதமல்லாத ஒரு மதத்தின் பக்தியைப் பாடி, அம்மக்களின் உள்ளத்தில் இடம்பெற்றமை சாதாரண சாதனையன்று.

ஆயினும் காலம் ஒரே சீராக ஓடவில்லை. ஹிந்தி மெட்டுகளைத் தழுவிய பாடல்கள் மீது கண்டனங்கள் எழுந்தன. 1956 இல் வெளியான ‘ரேகாவ’ முதலான படங்கள் சுயமான இசைக்கு வழிவகுத்தன. அமரதேவ போன்றோரின் புதிய பாணி செல்வாக்குப் பெற, இசைத்தட்டுக் காலத்துப் பாடகர்களின் முதன்மை மெல்லக் குறைந்தது. எனினும் பெய்க்கின் பக்திப் பாடல்கள் மக்கள் மனதை விட்டு அகலவில்லை. கலாசூரி விருதும் அவரை வந்தடைந்தது. 1991 நவம்பர் 4 இல் அன்னார் இறையடி சேர்ந்தார்.

அவரது வாழ்வில் மலையக மக்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியொன்று உண்டு. 1956 இல் பிரதமரான எஸ்.டபிள்யூ.ஆர்.டீ. பண்டாரநாயக்கவின் காலத்தில் பெய்க்குக்குச் சிறப்புப் பிரஜாவுரிமை வழங்கப்பட்டது. அதே சேலத்திலிருந்தும், திருச்சி, தஞ்சைப் பகுதிகளிலிருந்தும் வந்து தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியவர்களின் சந்ததியினரோ, 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றோராக லயன் அறைகளில் வாழ்ந்துகொண்டிருந்தனர். 1964 ஆம் ஆண்டு ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கவும் வகைசெய்தது. எஞ்சிய பிரச்சினைக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டமே தீர்வு கண்டது. பெய்க் மறைந்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

பெய்க்குக்கு அளிக்கப்பட்ட கௌரவம் அவரது திறமைக்கு முற்றிலும் தகுந்ததே. அதில் எவருக்கும் மனக்குறை இருக்க இயலாது. ஆனால், ஒருவரின் குரலைக் கேட்டு அவரைத் தன்னவராக ஏற்றுக்கொண்ட நாடு, கொழுந்து பறித்த இலட்சக்கணக்கான கரங்களின் உழைப்பை உணர அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அவரது பாடலை அடுத்த வெசாக்கில் கேட்கும்போது, இதனையும் நாம் நினைவிற்கொள்வது நன்று.