அறிஞர் ஓட்டோ லோவி

இருதயத்தின் துடிப்பைக் குறைக்கவும் மிகுவிக்கவும் வல்ல நரம்புகள் நம் உடலகத்தே உள என்பதை மருத்துவ நூலோர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஆயினும், நரம்பின் முனையினின்று தசைக்கு ஏவல் செல்வது எங்ஙனம் என்பது விளங்காதிருந்தது. மின்சாரமே தாவிச் செல்கின்றது என்றனர் பலர். இரசாயனப் பொருளொன்று தூது செல்லுதல் கூடும் என்றனர் சிலர். இவ்வழக்கைத் தீர்த்தற்கு வழிகண்ட ஓட்டோ லோவி என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1873ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள், ஜெர்மனி தேசத்துப் பிராங்க்பர்ட் நகரில், யூத வணிகர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். கலை வரலாறு பயிலவே விரும்பினார். எனினும் பெற்றோர் விருப்பத்திற்கிணங்கி மருத்துவம் கற்று 1896இல் பட்டம் பெற்றார். அந்நகர மருத்துவமனையில் பணிபுரிந்தபொழுது, காசநோயுற்றோரும் சுரத்துடன் நுரையீரல் அழற்சியுற்றோரும் தக்க மருந்தின்றி மடிதலைக் கண்டு மனம் நொந்தார். நோயாளிக்கு ஒன்றும் செய்யவியலாது நிற்பதினும், மருந்துகளின் இயல்பை ஆராய்தலே நன்றெனத் துணிந்தார். 1909இல் ஆஸ்திரியா நாட்டுக் கிராஸ் சர்வகலாசாலையில் மருந்தியற் பேராசிரியராயினார்.

நரம்புகள் இரசாயனப் பொருளால் ஏவல் செய்யக்கூடும் என்னும் எண்ணம் 1903இலேயே இவருள்ளத்தில் உதித்தது. அதனைச் சோதிக்கும் வழி தோன்றாமையால் பதினேழாண்டுகள் அது மறைந்து கிடந்தது. பின்னர் ஈஸ்டர் திருநாளுக்கு முந்திய இரவில் கனவிலே அவ்வழி தோன்றியதெனவும், விழித்தெழுந்து தாளிற் கிறுக்கி வைத்ததைக் காலையில் தம்மாலேயே படிக்க இயலவில்லை எனவும், மறுநாளிரவு மூன்று மணியளவில் அக்கனவே மீண்டும் வந்ததெனவும் அவரே பிற்காலத்திற் கூறியுள்ளார். இம்முறை அவர் தாளை நம்பவில்லை. அக்கணமே எழுந்து ஆய்வுக்கூடம் புகுந்தார்.

இரண்டு தவளைகளின் இருதயங்களை எடுத்து உப்புநீரில் துடிக்கவிட்டார். ஒன்றில் வேகஸ் என்னும் நரம்பு இணைந்திருந்தது, மற்றொன்றில் நரம்பில்லை. முதல் இருதயத்தின் நரம்பை மின்சாரத்தால் தூண்டவே, அதன் துடிப்புத் தளர்ந்தது. அதிலிருந்த நீரை எடுத்து இரண்டாவதிற் பெய்தார். நரம்பற்ற அவ்விருதயமும் தன் நரம்பே தூண்டப்பட்டாற்போலத் தளர்ந்தது! நரம்பினின்று ஏதோவொரு பொருள் நீரிற் கலந்து தூது சென்றது என்பது தெளிவாயிற்று. இம்முடிவை 1921இல் வெளியிட்டார். அப்பொருள் அசிட்டைல்கோலின் என்பது 1926இல் புலனாயிற்று.

தூது சென்றால் மட்டும் போதுமா? அதனை ஏற்பார் வேண்டுமன்றோ? கேம்பிரிட்ஜ் அறிஞர் லாங்லி, உயிரணுவினிடத்து ஏற்கும் பொருளொன்று உண்டென 1905இலேயே கூறியிருந்தார். அட்ரோப்பின் என்னும் நஞ்சை இட்டவிடத்தும் நரம்பு தன் தூதை விடுக்கின்றது, இருதயமே அதற்குச் செவிசாய்ப்பதில்லை என்று லோவி காட்டியமை அக்கொள்கைக்கு அரண் செய்தது. பூட்டினுள் வேறொரு கோலைச் செருகினால் உரிய திறவுகோல் நுழையாமை போல்வது இது. ஏற்பி என இன்று நாம் வழங்கும் பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சி இத்தகைய அடிப்படையின்மீதே வளர்ந்தது.

1936இல் ஆங்கில அறிஞர் ஹென்றி டேல் என்பாருடன் நோபெல் பரிசு பெற்றார் லோவி. இரண்டாண்டுகளிற் பெருந்துன்பம் சூழ்ந்தது. 1938 மார்ச்சு மாதத்தில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுட் புகுந்த இரவே, யூதராதலின் அவரும் இளைய புதல்வர் இருவரும் சிறைப்பட்டனர். கொல்லப்படுவோமென்றே அஞ்சினார். அந்நிலையிலும் தம் இறுதி ஆராய்ச்சியின் முடிவு தம்மோடு அழிந்துவிடலாகாதே என்பதே அவர் கவலையாயிற்று. காவலனை வேண்டி அஞ்சலட்டையொன்று பெற்று, அம்முடிவை எழுதி விஞ்ஞானப் பத்திரிகைக்கு விடுத்த பின்னரே அவருள்ளம் ஆறியது.

ஏறத்தாழ இரு திங்கள் கழித்து விடுதலை பெற்றார். ஆயினும், தம் நோபெல் பரிசுப் பணத்தை ஆட்சியாளர் வசமிருந்த வங்கிக்கு மாற்றிக் கொடுத்த பின்னரே நாட்டைவிட்டு வெளியேற இயன்றது. பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் தங்கி, 1940இல் நியூயார்க் சர்வகலாசாலையை அடைந்து பணியைத் தொடர்ந்தார். 1961ஆம் ஆண்டு கிறிஸ்து பிறந்த திருநாளன்று உயிர் நீத்தார்.

கனவிலே கிடைத்த பேறென இவர் வெற்றியைக் கருதுவார் உளர். கனவு கண்டவர் பலர்; நள்ளிரவில் எழுந்து நடந்தவரோ இவர். பரிசுப் பொருளைப் பகைவர் கவர்ந்தனர். அஞ்சலட்டையில் எழுதிய உண்மையையோ அவர்களாற் கவர இயலவில்லை. கல்லூரியிற் பயிலும் நாமும், நல்லெண்ணம் தோன்றுங்கால் நாளையென்று தாழ்க்காது எழுவோமாக.