தேகப் பயிற்சித் தந்தை ஹாரி குரோ பக்

கல்வியின் பயன் ஏட்டோடு முடிவதன்று. உடலைப் பேணாது நூலை மட்டும் ஓதுவிக்கும் கல்வி ஒற்றைச் சிறகுடைய பறவையை ஒக்கும். இவ்வுண்மையைத் தமிழகத்துப் பள்ளிகளில் நிலைநாட்ட உழைத்த பெரியோருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர். அன்னாரது வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

பக் அவர்கள் 1884ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் பென்சில்வேனியா மாகாணத்தில் பிறந்தார். அவர் வாலிபப் பருவம் எய்திய காலத்தில் அந்நாட்டுக் கல்லூரிகளை ஒரு விளையாட்டு ஆட்கொண்டிருந்தது. அதுவே அமெரிக்கக் கால்பந்தாட்டம். பெயர் கால்பந்தாயினும் அதில் காலின் வேலை சிறிது. கையின் வேலையே பெரிது. இரு முனையும் குவிந்த பந்தைக் கையில் ஏந்தி ஒருவன் ஓடுவான். எதிரணியார் பாய்ந்து பற்றி அவனைத் தரையில் வீழ்த்துவர். 1905ஆம் ஆண்டின் ஆட்டப் பருவத்தில் மட்டும் இருபதின்மர் அளவில் உயிரிழந்தனர். அப்போது ஜனாதிபதியாயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய கலாசாலைகளின் பிரதிநிதிகளைத் தம் மாளிகைக்கு வரவழைத்து, ஆட்டத்தின் கொடுமையைத் தணிக்குமாறு வலியுறுத்தினார். 1906இல் விதிகள் திருத்தப்பெற்றன. பந்தை முன்னோக்கி எறிதல் அது முதல் அனுமதிக்கப்பட்டது. எனினும் ஒரு குறை நீங்கவில்லை. அணிக்குப் பதினொருவர் ஆடினர். மற்றையோர் ஆயிரக்கணக்கில் அமர்ந்து ஆரவாரித்தனர். ஆடியவர் உடல் நொந்தது. பார்த்தவர் உடல் வளரவில்லை.

இக்குறைக்கு மருந்து தேடிய இடங்களுள் ஒன்று ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்திலிருந்த சிறு கல்லூரியாகும். கிறிஸ்தவ வாலிபர் சங்கத்திற்குத் தேகப் பயிற்சி ஆசிரியர்களை ஆக்கித் தந்தது அது. அதன் கால்பந்து அணியில் ஆடிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார், பந்தை ஏந்தி ஓடுவதாலன்றோ ஒருவரையொருவர் வீழ்த்த நேர்கின்றது என்று எண்ணினார். ஆதலின் ஓடுதலை விலக்கி, பழக்கூடைகளை உயரத்தில் மாட்டி, 1891இல் கூடைப்பந்தாட்டத்தை வகுத்தார். அக்கல்லூரியிற் பயின்ற வில்லியம் மார்கன் 1895இல் கைப்பந்தாட்டத்தைக் கண்டார். சிற்றிடமும் சிறு செலவும் போதும், எவரும் ஆடலாம். இத்தகைய கல்லூரியிலேயே பக் அவர்களும் பயிற்சி பெற்றார்.

1919இல் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பணியேற்று அவர் சென்னை வந்து சேர்ந்தார். அந்நாளில் நம் பள்ளிகளில் தேகப் பயிற்சி என்பது பெரும்பாலும் டிரில் ஒன்றேயாம். பட்டாளத்தை விட்டு விலகியோர் பலர் அதற்கு வாத்தியார்களாயிருந்தனர். கையை உயர்த்து, காலை மாற்று என்னும் ஆணைகளுக்கு அடங்கிய பிள்ளைகள், விளையாட்டின் உவகையை அறியாது வீடு திரும்பினர். வல்லவர் சிலரைத் திரட்டிக் கோப்பைகளை வென்று புகழீட்டுதல் பக் அவர்கட்கு அரிதன்று. அவரோ அவ்வழி செல்லாது, ஆசிரியர்களை ஆக்கத் துணிந்தார். ஓர் அணியை வளர்த்தால் பதினொருவர் ஆடுவர். ஓர் ஆசிரியரை வளர்த்தால் ஒரு பள்ளி முழுதும் ஆடுமன்றோ? 1920இல் ஐந்தே மாணாக்கரைக் கொண்டு சென்னையில் தேகப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்.

1924இல் பாரிஸ் நகரத்து ஒலிம்பிக் பந்தயங்களுக்கு இந்திய ஓட்டப் பந்தய வீரர்களை அழைத்துச் செல்லும் பொறுப்பு அவரை வந்தடைந்தது. தடை தாண்டி ஓடும் லட்சுமணன், நீளம் தாண்டும் தலீப் சிங் முதலியோர் உடன் சென்றனர். பதக்கம் ஒன்றேனும் கிட்டவில்லை. ஆயினும் பக் அவர்கள் சோர்ந்தாரல்லர். தம் சங்கத்தைச் சேர்ந்த நொரென் என்பாருடன் கூடி, மாகாணந்தோறும் ஒலிம்பிக் சங்கங்கள் தோன்ற உழைத்தார். சர் தோராப்ஜி டாட்டாவைத் தலைவராகக் கொண்ட இந்திய ஒலிம்பிக் சங்கம் 1927இல் அமைந்தது.

1932இல் அவரது பள்ளி சைதாப்பேட்டையை அடுத்த விசாலமான இடத்திற்கு மாறியது. விளையாட்டுக்களின் விதிகளைத் தொகுத்து அவர் நூலாக வெளியிட்டார். மேனாட்டு ஆட்டங்களோடு நம் நாட்டு ஆட்டங்களுக்கும் மதிப்பளித்தார். அவர்பாற் பயின்றோர் பல ஊர்ப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆசிரியராய் அமர்ந்தனர். இருபத்து நான்கு ஆண்டுகள் இந்நாட்டிற்கே உழைத்த அப்பெரியார் 1943இல் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் வித்திட்ட கல்லூரி நந்தனத்தில் இன்றும் நடைபெற்று வருகின்றது.

வென்ற கோப்பையைக் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காட்டலாம். இத்தகைய தொண்டினை அங்ஙனம் காட்டுதல் இயலாது. மஞ்சள் விளையும் நம் நாமகிரிப்பேட்டைப் பக்கத்தில், மாலை வேளையில் இரு கம்பம் நட்டு வலை கட்டிக் கைப்பந்தாடும் சிறுவர்க்குப் பக் என்னும் பெயர் தெரிந்திராது. தெரியாவிடினும் என்? ஆடுகின்றனரே, அதுவே அவர் வேண்டிய பயன்.

மாணவ நண்பர்காள்! நம் கல்லூரி அணி வென்ற ஆட்டங்களை எண்ணி மகிழ்கின்றோம், மகிழ்தல் தகும். ஆயினும் ஆண்டு முழுதும் ஒரு நாளேனும் களத்தில் இறங்காதார் நம்முள் எத்தனை பேர் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எல்லைக் கோட்டின் புறத்தே நின்று கைதட்டுவோர் கோட்டைக் கடந்து உள்ளே வருவார்களாக. பக் அவர்கட்கு நாம் செலுத்தற்குரிய நன்றி அதுவே.