சுக்கானின் பாரத்தைக் குறைத்த பிரான்சிஸ் டேவிஸ்

யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராதிருந்த தொண்ணூறுகளில்தான் நான் சாரதித் தொழிலைப் பழகினேன். மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் லொறிகளுமே அப்போது எங்களுக்கு இருந்தன. சாமான் நிறைந்த லொறியை ஒரு முடக்கில் திருப்பி எடுத்தால், இரவு முழுக்கத் தோள்மூட்டு குத்தும். இந்தப் பாரத்தை இறக்க வழி கண்ட மனிதரைப் பற்றிப் பிற்காலத்தில்தான் படித்தேன். அவர் பெயர் பிரான்சிஸ் டேவிஸ்.

1887ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிறந்த டேவிஸ், 1910இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து முடித்தார். பியர்ஸ்-அரோ நிறுவனத்தின் லொறிப் பிரிவில் தலைமைப் பொறியியலாளராக உயர்ந்தார். கனத்த லொறிகளைத் திருப்பச் சாரதிகள் படும் பாட்டை அங்கே கண்டார். 1922இல் அந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, வோல்தம் என்ற ஊரில் சிறிய பட்டறை ஒன்றை வாடகைக்கு எடுத்தார். ஜோர்ஜ் ஜெசப் என்ற கைதேர்ந்த தொழிலாளி அவருக்குத் துணையானார்.

ஒயிலின் அழுத்தத்தைக் கொண்டு சில்லைத் திருப்புவதே அவர் யோசனை. அக்காலத்து ஒயில் இயந்திரங்களில் அழுத்தம் எந்நேரமும் அடைபட்டுக் கிடக்கும். அதனால் வால்வுகளில் ஒழுக்கு ஓயாது. டேவிஸ் இதைத் தலைகீழாக்கினார். வால்வைத் திறந்தே விட்டார். வாகனம் நேரே ஓடும்போது ஒயில் தடையின்றிச் சுற்றிவரும். சுக்கானைத் திருப்பும்போது மட்டும் வால்வின் ஒரு வழி ஒடுங்கி, அழுத்தம் ஏறி, சில்லைத் தள்ளும். தேவையான நேரத்தில் மட்டும் பலம் என்பதே அவருடைய கண்டுபிடிப்பின் சாரம்.

அதைத் தனது பியர்ஸ்-அரோ காரில் பூட்டி, 1926இல் டெட்ரொயிற் நகரில் ஓட்டிக் காட்டினார். ஜெனரல் மோட்டர்ஸ் ஒப்பந்தம் செய்தது. ஆனால் பொருளாதார வீழ்ச்சி வந்தது. செலவு கூடுதல் என்று 1934இல் அந்த நிறுவனம் கைவிட்டது. 1936இல் பென்டிக்ஸ் நிறுவனத்துடன் புதிதாகத் தொடங்கினார்.

இரண்டாம் உலகப் போர் வந்தபோதுதான் அவருடைய கருவிக்குப் பெரிய தேவை பிறந்தது. கனத்த இராணுவ வாகனங்களில் அது பூட்டப்பட்டது. சாதாரண மனிதரின் காருக்கு மறுக்கப்பட்ட வசதி, கவச வாகனத்துக்கு உடனே கிடைத்தது. போரைத் தாண்டி வந்த எங்களுக்கு இதில் புதுமை இல்லை.

1951இல் கிறைஸ்லர் நிறுவனம் தனது இம்பீரியல் காரில் பவர் ஸ்ரியரிங்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. காலாவதியான டேவிஸின் காப்புரிமைகள் அதற்கு உதவின. அதன் பிறகே ஜெனரல் மோட்டர்ஸ் மீண்டும் அவரிடம் வந்தது. வேலையை விட்டு ஏறத்தாழ 30 ஆண்டுகள் காத்திருந்தவர், தன் கனவு வீதியில் ஓடுவதைக் கண்டார். 1978இல் காலமானார்.

அவருடைய முறையிலும் ஒரு குறை மிஞ்சியது. பம்ப் எஞ்சினோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்டது. உதவி தேவைப்படாத நேர்வீதியிலும் அது சுழன்று எரிபொருளைத் தின்னும். பம்பின் வேகம், ஒயிலின் ஓட்டம், வால்வின் திறப்பு ஆகியவற்றைக் கணினி மாதிரிகளில் இட்டுப் பார்க்கும் பொறியியலாளர்களுக்கு இந்த விரயம் தெளிவாகத் தெரிகிறது. அதனால் இன்று மின்மோட்டர் அந்த இடத்தைப் பிடித்துள்ளது. திருப்பும்போது மட்டுமே அது கணிசமான மின்சாரம் எடுக்கும். டேவிஸ் தொடங்கிய எண்ணம் அங்கேதான் முழுமை பெறுகிறது. 2022இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்கு அந்தச் சேமிப்பின் அருமை தெரியும்.

எங்கள் மண்ணில் தோளிலும் கையிலும் செல் துண்டுகளோடு வாழ்பவர்கள் பலர். பழைய லொறியின் சுக்கானை அவர்களால் அசைக்கவும் முடியாது. இலேசாகத் திரும்பும் சுக்கான் இருந்தால், அவர்களில் சிலராவது சொந்த உழைப்பில் குடும்பத்தைப் பார்க்கலாம். அவர்களுக்கு ஏற்ற வாகனங்களைப் பெற்றுக்கொடுப்பதும் ஒரு மறுவாழ்வுப் பணியே.