பதின்கூறு பரப்பிய ஸ்டெவின்

பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வணிகரும் நில அளவரும், ஒன்றினும் குறைந்த சிறு கூறுகளைக் கணக்கிடப் பெரிதும் இடர்ப்பட்டனர். 7-இல் 3 பங்கையும் 13-இல் 5 பங்கையும் கூட்டுவதற்குள் சோர்வுற்றனர். பிழை மலிந்தது, அதனாற் பொருளிழப்பும் நேர்ந்தது. இவ்விடரைக் களைய முயன்றவருள் சிறந்தவர் சைமன் ஸ்டெவின் ஆவார்.

அவர் இற்றைப் பெல்ஜிய நாட்டிலுள்ள புரூஜ் நகரில் 1548-ஆம் ஆண்டு பிறந்தார். இளமையில் வரி அலுவலகமொன்றிற் பணியாற்றினார். பின்னர் ஆலந்து நாட்டு லெய்டன் நகரையடைந்து கல்வி பயின்றார். 1585-இல் 'பத்தில் ஒன்று' என்னும் பொருள்படும் பெயருடைய சிறுநூலை வெளியிட்டார்.

ஒன்றைப் பத்தாகப் பகுத்தால் வரும் கூற்றுக்கு 'முதலாவது' என்றும், அதனைப் பத்தாகப் பகுத்தால் வருவதற்கு 'இரண்டாவது' என்றும், அதனினும் நுண்ணியதற்கு 'மூன்றாவது' என்றும் அவர் பெயரிட்டார். 1000-இல் 275 பங்கு என்பது, இரண்டு முதலாவது, ஏழு இரண்டாவது, ஐந்து மூன்றாவது என எளிதாயிற்று. முழு எண்களைப் போலவே இவற்றையும் கூட்டவும் பெருக்கவும் இயன்றது.

அறிஞர் பலரும் இலத்தீனில் எழுதிய அக்காலத்தில், அவர் மக்கள் பேசும் டச்சு மொழியில் அந்நூலை எழுதினார். நாணயங்களையும் அளவைகளையும் பத்துப் பத்தாகப் பகுத்தல் நன்றென வற்புறுத்தினார். 1620-இல் அவர் மறைந்தார்.

அவர் இட்ட பெயர்கள் வழக்கொழிந்தன. புள்ளியிட்டெழுதும் முறை அவற்றின் இடத்தைப் பெற்றது. ஆயினும் அவர் கருத்து அழியவில்லை. அமெரிக்கர் 1792-இல் டாலரையும், பிரெஞ்சு மக்கள் 1795-இல் மீட்டரையும் பத்தின் முறையிற் பகுத்தனர். எளிய சொற்களால் அரிய கணக்கை யாவர்க்கும் உரியதாக்கிய ஸ்டெவினின் தொண்டு போற்றத்தக்கது.