நைற்றிங்கேல் காட்டிய கணக்கு

எங்கள் லாச்சப்பல் கடைத்தெருவுக்கு அண்மையிலுள்ள லரிபுவாசியே வைத்தியசாலையின் கட்டட அமைப்பை அந்நாளிலேயே பாராட்டி எழுதியவர் புளோரன்ஸ் நைற்றிங்கேல். 1820இல் பிறந்த அவர், 1854இல் கிரிமியப் போரில் காயப்பட்டோரைப் பராமரிக்க 38 பெண்களுடன் ஸ்குட்டாரி சென்றார். ஆட்பற்றாக்குறையிலும், குடித்துவிட்டு வேலைக்கு வந்த தாதியரைத் திருப்பி அனுப்பினார். இறப்புகளைக் கணக்கிட்டு, காயங்களைவிட நோய்களே அதிகம் பேரைக் கொன்றதை அரசுக்குக் காட்டினார். 1860இல் லண்டனில் தாதியர் பள்ளி தொடங்கினார், 1910இல் மறைந்தார்.

கண்டதை உள்ளபடி சொல்வதும், நோயாளியைப் பற்றி வெளியே கதைக்காதிருப்பதும் தாதியின் கடமை என்பதே அவர் பாடம். இன்று எங்கள் பிள்ளைகள் பலர் இங்கே பராமரிப்பு உதவியாளர்கள். அளக்காத காய்ச்சலை அளந்ததாக எழுதினால், கணக்கு எழுதும் நாங்கள் அதைப் பொய்க்கணக்கு என்போம். கட்டிலில் கண்ட எம்மவரின் வருத்தத்தை லாச்சப்பலில் கதைப்பது அதைவிடப் பெரிய துரோகம். அதற்குப் பயந்தே தமிழ்த் தாதியிடம் வாய்திறக்காத நோயாளிகள் எங்களுக்குள் இருக்கிறார்கள்.